சொந்தக் கடை ஆட்களை விளம்பரத்தில் காட்டினால் ஜனங்கள் நம்புவார்களா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்று, சர்வீஸும் செய்கிறீர்கள். வீடுகளுக்குப் போகிற பையன்கள் ஏழெட்டுப் பேர், கடையில் போன் எடுக்கவும் பில் போடவும் இரண்டு பெண்கள். இதுவரை நோட்டீஸில் போட்டது இணையத்தில் எடுத்த படம். கோட்டும் டையும் போட்ட யாரோ ஒருவர் கண்ணாடி டம்ளரைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். இனி நம் ஆட்களின் படத்தையும் வீடியோவையும் போட்டால் ஜனங்களுக்கு நம்பிக்கை வருமா, வண்ணார்பேட்டையில் பிளக்ஸ் வைக்கலாமா என்பது நீங்கள் கேட்டது. ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: முகத்தைக் காட்டிப் பேர் வாங்கிக் கொடுத்த பிறகு அவன் தனியாகக் கடை போட்டு நம் வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு நீங்கள் வைத்திருக்கிற பதிலைப் பொறுத்துத்தான் முதல் கேள்விக்கும் பதில் அமையும். அதனால் இரண்டுக்கும் சொல்கிறேன்.

நான் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் கடைகளுக்கும் சர்வீஸ் தொழில்களுக்கும் விளம்பர வேலை செய்கிறவன். சுவர் விளம்பரமும் கேபிள் டிவியில் கீழே ஓடும் எழுத்தும் இருந்த காலத்தில் ஆரம்பித்து இன்றைக்கு ரீல்ஸ் வரைக்கும் வந்திருக்கிறேன். ஊர் ஊராக ஷோரூம் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்ததில்லை. சட்டம் பற்றிக் கீழே சொல்வது தொழிலுக்காகப் படித்துத் தெரிந்துகொண்டது. கையெழுத்துப் போடுகிற காகிதத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

உங்கள் தொழிலுக்குப் போடலாம், போட வேண்டும் என்றே சொல்வேன். காரணம் சாதாரணமானது. உங்கள் பையன் வாசலில் நின்று பொருளைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவன் இல்லை. அடுக்களை வரைக்கும் போகிறான், அரை மணி நேரம் அங்கேயே நிற்கிறான். பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்கு, வீட்டில் ஆச்சியோ மருமகளோ மட்டும் இருக்கிற நேரம். மெஷின் நல்ல மெஷினா என்ற கேள்விக்கு முன்னால் அந்த வீட்டில் எழுகிற கேள்வி, யார் வரப்போகிறார்கள் என்பது. உங்கள் கடை போனை எடுக்கிற பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். "போன தடவ வந்த தம்பியவே அனுப்பிவிடுங்க" என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஏற்கெனவே மெஷின் வாங்கிய வீட்டில் முகத்தால் வந்த நம்பிக்கைதான் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இன்னும் வாங்காத வீட்டுக்கு அதை முன்கூட்டியே கொண்டு சேர்ப்பதுதான் நீங்கள் செய்யப்போவது.

எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தாது. கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்குகிறவர் அதை உருட்டித் தேய்த்தவரைச் சந்திக்கப் போவதில்லை. அவருக்கு ஊர்ப் பெயர் போதும். இருட்டுக்கடை வாசலில் சாயங்காலம் வரிசையில் நிற்கிறவர்கள் யார் முகத்தையும் விளம்பரத்தில் பார்த்துவிட்டு வந்து நிற்கவில்லை. விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்குகிற பொருளுக்கும் ஊழியர் படத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. முதலாளி தன் முகத்தையே போட்டு விற்பது வேறு வழி. வசந்த் அன் கோ விளம்பரங்களில் அதன் முதலாளி, 2020-இல் காலமான வசந்தகுமார், சிரித்த முகத்தோடு வருவார், தமிழ்நாடு முழுக்க அந்த முகத்தைத் தெரியும். அந்தப் படம் சொல்வது, ஏதாவது என்றால் கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறார் என்று. ஊழியரின் படம் சொல்வது, உங்கள் வீட்டுக்கு வரப்போவது இவர் என்று. இரண்டும் வெவ்வேறு வாக்குறுதிகள். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதனால் படத்தில் இருக்கிறவர் உண்மையிலேயே அந்த வீட்டுக்குப் போகிறவராக இருக்க வேண்டும். பார்க்க லட்சணமாக இருக்கிறார் என்று கடைக்குள்ளேயே இருக்கும் பையனைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு வேறு ஆளை அனுப்பினால், மாடல் படமே மேல் என்று ஆகிவிடும்.

ஆராய்ச்சி என்று பார்த்தால் எனக்கு உபயோகப்பட்டவை இரண்டு. இணையப் பக்கங்களை ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கண்ணின் அசைவை வைத்து ஆராயும் யாகோப் நீல்சன் 2010-இல் எழுதியது: அழகுக்காகப் போட்ட மாடல் படங்களைக் கண் தாண்டிப் போய்விடுகிறது, அந்த நிறுவனத்தில் உண்மையாக வேலை செய்பவர்களின் படத்தில் நின்று பார்க்கிறது. இன்னொன்று ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் ரயன் ப்யூவெலும் சகாக்களும் ஒரு உணவகத்தில் செய்த சோதனை. சமையல்காரரும் சாப்பிட வந்தவரும் ஒருவரையொருவர் திரையில் பார்க்கும்படி வைத்தார்கள். சாப்பாட்டின் தரம் பற்றி ஜனங்கள் கொடுத்த மதிப்பு சுமார் 22 சதவீதம் கூடியது, தயாராகும் நேரம் சுமார் 19 சதவீதம் குறைந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பின்பாதி. பார்த்தவருக்கு மட்டும் மாற்றம் வரவில்லை. தன் வேலை யாருக்குப் போகிறது என்று கண்ணால் கண்டதும் வேலை செய்தவரும் மாறினார். ஆனால் அது அமெரிக்காவில், ஒரு கேன்டீனில் நடந்தது. மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வால் தண்ணீரின் உப்பைப் பிரிக்கிற ஆர்.ஓ. மெஷினை நெல்லையில் விற்பதற்கு அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. திசை சரி என்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எதைக் காட்டுவது. ஏழு பேரையும் கடை வாசலில் வரிசையாக நிறுத்தி, கையைக் கட்டச் சொல்லி எடுக்கிற படம் வேண்டாம். அது பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி இருக்கும். அதில் நம்புவதற்கு ஒன்றும் இல்லை. ஒருவரைப் பற்றி நமக்கு நம்பிக்கை வருவது அவர் தன் வேலையைச் செய்வதைப் பார்க்கும்போது. உங்கள் தொழிலில் இதற்கென்றே அமைந்த ஒரு காட்சி இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் பையன்களில் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரை, நிஜமான ஒரு வீட்டில், அந்த வீட்டுக்காரர் சம்மதத்தோடு நிற்க வையுங்கள். குழாயைத் திறந்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடிக்கட்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரின் மூடியைக் கழற்றி முனையைத் தண்ணீரில் விட்டு, எண் ஓடி நிற்கும் வரை காத்திருக்கட்டும். அந்தக் காத்திருப்பை வெட்டிவிடாதீர்கள். பிறகு எண்ணை வாசித்துவிட்டுச் சொல்லட்டும்: "ஆச்சி, இது ஆத்துத் தண்ணிதான். 500-க்கு ரொம்ப கீழ இருக்கு. உங்களுக்கு ஆர்.ஓ. வேண்டாம், சாதா பில்டரும் கிருமியக் கொல்லுற யுவி லைட்டும் போதும்." இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் தரத்தில், ஐஎஸ் 10500-இல், கரைந்த திடப்பொருளுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை. 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. தேவையில்லை, தண்ணீர்தான் வீணாகிறது என்ற அடிப்படையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவே போட்டது. தாமிரபரணித் தண்ணீர் வரும் தெருவுக்கும், போர் தண்ணீரை நம்பியிருக்கும் ராதாபுரம், திசையன்விளை பக்கத்து வீட்டுக்கும் ஒரே மெஷினை விற்பது சரியில்லை என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை உங்கள் பையன் வாயால் சொல்லக் கேட்கிறபோது பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? பெரிய மெஷினை விற்கிற வாய்ப்பு இருந்தும் வேண்டாம் என்கிறானே, இவனை வீட்டுக்குள் விடலாம் என்று தோன்றும். இதற்கு ஈடாக எந்த வசனத்தையும் என்னால் எழுதித் தர முடியாது. கூடவே, மீட்டர் காட்டுவது கரைந்த உப்பின் அளவை மட்டும், கிருமி இருக்கிறதா என்று அது காட்டாது என்பதையும் அவர் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எண் குறைவு, அப்படியே குடிக்கலாம் என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது வீடியோவுக்கும் பொருள் இருக்கிறது. வீடு வீடாக வந்து டெமோ காட்டுகிற சிலர், இரண்டு டம்ளர் தண்ணீரில் கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகக் கலங்கிப் போகும், அவர்களுடைய மெஷின் தண்ணீர் தெளிவாக இருக்கும். பார்க்கிறவர்கள் அரண்டு போய் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கம்பியின் இரும்பு கரைந்து வருவது. தண்ணீரில் உப்பு இருந்தால்தான் மின்சாரம் பாயும், ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் கம்பி அவ்வளவாகக் கரைவதில்லை. நல்ல தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே கம்பியை விட்டால் அதுவும் கலங்கும். இதை உங்கள் டெக்னீஷியன் ஒருவர் நம் ஊர்ப் பேச்சில், யார் பெயரையும் சொல்லாமல், நிதானமாக விளக்கட்டும். ஆச்சிமார் குரூப்பிலிருந்து குரூப்புக்கு அது தானாகப் போகும்.

எடுப்பதற்குப் பெரிய கேமரா தேவையில்லை. ஜன்னல் பக்கம் நின்றால் நல்ல போனே போதும், ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள். வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். "அந்த வீட்டில் என்ன செய்தாய், சொல்லு" என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பணம் செலவில்லாத, விளம்பரம் என்றே சொல்ல முடியாத ஒன்றுதான் என் கணக்கில் முதலிடம். கம்ப்ளெயின்ட் பதிவானதும் அந்த வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: நாளைக் காலை பத்து மணிக்கு வருபவர் இவர், பெயர் இது, படம் இது, எத்தனை வருஷமாக நம்மிடம் இருக்கிறார், சர்வீஸ் கட்டணம் இவ்வளவு. தனியாக இருக்கிற வயதானவர்கள், வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள், எல்லோருக்கும் இது பெரிய நிம்மதி. சென்னையிலோ துபாயிலோ இருக்கிற மகன்தான் பல வீடுகளில் மெஷினுக்குப் பணம் அனுப்புகிறவர். அவருக்கும் அந்தச் செய்தியை அனுப்புங்கள். ஆயிரம் பேர் பார்க்கிற ரீல்ஸை விட, தேவைப்படுகிற ஒருவர் தேவைப்படுகிற நேரத்தில் பார்க்கிற இந்தப் படத்துக்கு மதிப்பு அதிகம். வரும் ஆள் கடைசி நேரத்தில் மாறினால் மாறிய ஆளின் படத்தை உடனே அனுப்ப வேண்டும். இது ஒருநாளும் தவறக் கூடாது.

இனிச் சொல்லப்போவது நம் பக்கத்துக்கே உரிய சிக்கல், இதை எந்த மார்க்கெட்டிங் வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். ஊழியரை அறிமுகப்படுத்தும்போது பெயர், ஊர், குடும்பம் என்று எழுதினால் நெருக்கமாக இருக்கும் என்று தோன்றும். நம் ஊரில் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். "எந்த ஊரு தம்பி?" என்று ஒருவர் கேட்டால், அதற்கு அடுத்து "ஊர்ல எந்தத் தெரு?" என்று வரும். கேட்கிறவர் பலர் பாசமாகவே கேட்கலாம். ஆனால் அந்தப் பதிலை வைத்து அடுக்களைக்குள் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற வீடு இன்னும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை ஜாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் தடை கேட்டது. கயிற்றின் நிறத்தில் ஒருவரை அடையாளம் பார்க்கிற இடத்தில் நாம் விளம்பரம் செய்கிறோம் என்ற நினைப்பு வேண்டும்.

அதனால் நான் வைத்திருக்கிற வழக்கம் இது. பெயர் மட்டும் போடுவேன், அதுவும் வேலையிடத்தில் எல்லோரும் கூப்பிடுகிற பெயர். சொந்த ஊர், தெரு, அப்பா பெயர், திருவிழா போட்டோ எதுவும் கிடையாது. ஊருக்குப் பதிலாக அவர் பார்க்கிற ஏரியாவை எழுதுவேன்: கே.டி.சி. நகர், பெருமாள்புரம், மேலப்பாளையம் என்று. அது வாடிக்கையாளருக்கும் உபயோகமான தகவல். படம் எடுக்கும்போது எல்லோருக்கும் ஒரே யூனிபார்ம், கையில் கட்டியிருக்கிற வண்ணக் கயிறு தெரியாதபடி கிளவுஸ் அல்லது முழுக்கைச் சட்டை. மத நம்பிக்கையின் அடையாளங்களை அவரவர் போட்டுக்கொள்வது அவரவர் உரிமை, அதைக் கழற்றச் சொல்வதில்லை; ஜாதியைச் சொல்வதற்கென்றே கட்டுகிற கயிற்றைப் பற்றித்தான் சொல்கிறேன். யாராவது போன் செய்து "அந்தப் பையன் வேண்டாம், வேற ஆள அனுப்புங்க" என்று காரணம் சொல்லாமல் கேட்டால், முந்தைய வேலையில் ஏதாவது குறையா என்று கடைப் பெண் கேட்க வேண்டும். குறை இல்லையென்றால் அந்த ஏரியாவுக்கு அவர்தான் வருவார் என்று சொல்லும் தைரியம் முதலாளிக்கு இருக்க வேண்டும். அந்த ஒரு வாடிக்கையாளர் போனாலும் போகட்டும். அதற்குத் தயாராக இல்லையென்றால் எந்தப் பையனின் முகத்தையும் விளம்பரத்தில் போடாதீர்கள், அடிபடப்போவது அவன்.

கடையில் இருக்கிற இரண்டு பெண்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவர்களாக விருப்பப்பட்டால் ஒழியப் படம் வேண்டாம். ஆசை இருந்தாலும் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று தயங்குவார்கள், ஆசை இல்லாவிட்டாலும் முதலாளி கேட்கிறாரே என்று தலையாட்டுவார்கள். இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிவது கஷ்டம். படத்தை எடுத்து வேறு எதிலோ ஒட்டிப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பயம் நியாயமான பயம். முகம் இல்லாமலும் அவர்களை முன்னால் கொண்டுவரலாம். போன் எடுக்கிற அக்காவின் குரலை வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே தெரியும். வீடியோவில் விலையையும் உத்தரவாதத்தையும் சொல்கிற குரல் அவருடையதாக இருக்கட்டும். பெயர் போட்டால் நல்லது, சம்பளத்தோடு சேர்த்து அதற்கென்று தனியாகப் பணமும் கொடுங்கள். எந்தக் காரணம் கொண்டும் யாருடைய சொந்த போன் நம்பரும் விளம்பரத்தில் வரக் கூடாது, ஆணானாலும் சரி, பெண்ணானாலும் சரி.

சம்மதம் வாங்குவது எப்படி என்றால், எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்காதீர்கள். கூட்டத்தில் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். தனித்தனியாகக் கூப்பிட்டு, இரண்டு நாள் யோசித்துச் சொல் என்று விடுங்கள். மாட்டேன் என்றவரின் ஏரியாவோ இன்சென்டிவோ குறையக் கூடாது. தமிழில் ஒரே பக்கம் எழுதினால் போதும்: எந்தப் படம், எங்கெல்லாம் வரும், எவ்வளவு காலம், வேண்டாம் என்று சொன்னால் எத்தனை நாளில் எடுப்போம், இதற்காக என்ன கொடுக்கிறோம். ஒரு பிரதி அவர் கையில் இருக்க வேண்டும். சட்டத்தில் இதற்கு நெடுநாளாகவே இடம் இருக்கிறது. ஆட்டோ சங்கர் தன் வாழ்க்கையை எழுதியது தொடர்பான வழக்கில், ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம். வேலை நிமித்தமான தேவைகளுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. விளம்பரம் அதற்குள் அடங்கும் என்று சிலர் சொல்லலாம், நான் அதை நம்பி இறங்க மாட்டேன்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். தொழில் கற்றவன் தனியாகக் கடை போடுவானா? போடுவான். நம் பக்கத்தில் அது பரம்பரை வழக்கம். சின்ன வயதில் சென்னையில் அண்ணாச்சி கடையில் சேர்ந்து, மூட்டை தூக்கி, பொட்டலம் மடித்து, கணக்குக் கற்றுக்கொண்டு, பிறகு தன் பெயரில் ஒரு கடை போட்டவர்களால்தான் தமிழ்நாடு முழுக்கத் தெருவுக்கு ஒரு மளிகைக்கடை வந்தது. வேலை கற்றுக்கொடுத்த அண்ணாச்சியே முதல் சரக்கைக் கடனாகக் கொடுத்து அனுப்பிய கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். போக மாட்டேன் என்று பத்திரத்தில் எழுதி வாங்கினாலும் பெரிய பலன் இல்லை. ஒருவர் நியாயமான தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. முகத்தை மறைத்து வைத்தாலும் நிற்காது. போகிற பையனின் நம்பர் அவன் போன வீடுகளில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. விளம்பரத்தால் அந்த ஆபத்து கொஞ்சம் கூடலாம். எவ்வளவு கூடும் என்று அளந்து சொல்ல என்னிடம் கணக்கு கிடையாது.

செய்யக்கூடியவை உண்டு. ஒரே ஆளை வைத்து எல்லா வீடியோவும் எடுக்காதீர்கள், மூன்று நான்கு பேர் மாறி மாறி வரட்டும். எந்த வீட்டில் எந்த மெஷின், மெம்பரேன் எப்போது மாற்றியது, தண்ணீரின் எண் என்ன என்ற விவரம் பையனின் ஞாபகத்தில் மட்டும் இருக்காமல் கடைப் பதிவேட்டில் இருக்கட்டும். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துவிட்டுப் போனால், கடைக்கே ஞாபகம் இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். விலகியவரின் படத்தை ஒரு வாரத்துக்குள் எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள், பழைய ரீல்ஸ் உட்பட. நல்ல முறையில் போனவர் என்றால் வாழ்த்திவிட்டே எடுக்கலாம். இதெல்லாம் சுற்றுவேலைதான். வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆளுக்கு அதற்குத் தகுந்த சம்பளம் கொடுக்கிறீர்களா, வருஷா வருஷம் கூட்டுகிறீர்களா என்பதில்தான் அவன் இருப்பதும் போவதும் இருக்கிறது. அவன் முகத்தால் வருகிற வியாபாரத்தில் அவனுக்கும் பங்கு போக வேண்டும். பத்தமடையில் கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பெயரை நெய்து தருவார்கள். வாங்குகிறவர் பெயர் பாயில் இருக்கும், நெய்தவர் பெயரைக் கேட்பவர் யாரும் இல்லை. இப்போது அப்படிப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு நெய்கிறவர் படத்தைப் போட்டு விலை கூட்டி விற்கிற வழக்கம் வந்திருக்கிறது. கூடின விலையில் அந்தக் கைக்கு எவ்வளவு போகிறது என்பதை வைத்துத்தான் நான் அந்த விற்பனையை மதிப்பேன். உங்கள் கடைக்கும் அதே கேள்விதான்.

சில விஷயங்கள் கூடவே கூடாது. ஊழியரையோ அவர் சொந்தக்காரரையோ வாடிக்கையாளர் மாதிரி பேச வைக்காதீர்கள், கூகுளில் ஊழியர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போடவும் வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய் விளம்பரத்துக்கு அபராதம் பத்து லட்சம் ரூபாய் வரை இருக்கிறது, சிபாரிசு செய்து பேசியவரையும் அது விடுவதில்லை. சட்டத்தை விடுங்கள், பாளையங்கோட்டை மாதிரி ஊரில் அந்த வாடிக்கையாளர் உங்கள் கடைப் பையனின் மதினி என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஊழியரின் முகத்தை ஏஐயில் போட்டு அவர் சொல்லாததைப் பேச வைப்பதும் வேண்டாம். அப்புறம், கடைக்குள் எடுக்கிற படத்தில் அந்தப் பெண்கள் இரண்டு பேரும் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஒரு எளிய ஏற்பாடு போதும். புதிதாகப் போன் செய்கிற ஒவ்வொருவரிடமும் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வீடியோ என்றா, பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்றா, நோட்டீஸ் என்றா. நான் பார்த்தவரையில் சர்வீஸ் தொழில்களில் முதலில் மாறுவது விற்பனை எண்ணிக்கை இல்லை. பேர் சொல்லிக் கேட்கிற போன்கள் கூடும், வாசலிலேயே நிறுத்தி வைத்துக் குறுக்கு விசாரணை செய்வது குறையும், வருஷக் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கிறவர்கள் அதிகமாவார்கள். விற்பனை கூடினால் அது வீடியோவாலா, கோடையில் தண்ணீர்ப் பிரச்சினை வந்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. ஆறு மாதமாவது பார்க்காமல் ஒரு முடிவுக்கும் வராதீர்கள்.

பிளக்ஸ் பற்றி: வண்ணார்பேட்டையில் இப்போதைக்கு வேண்டாம். மாநகராட்சி அனுமதி இல்லாமல் வைக்க முடியாது, வாடகையும் அதிகம், பைக்கில் போகிறவர் பார்க்கிற மூன்று நொடியில் உங்கள் பையனை அவருக்கு அறிமுகப்படுத்தவும் முடியாது. ஒருவர் விலகினால் மொத்த போர்டையும் மாற்ற வேண்டிவரும். அந்தப் பணத்தில் பையன்களுக்கு நல்ல துணியில் இரண்டு செட் யூனிபார்மும், படத்தோடு பெயர் பெரிதாகத் தெரிகிற அடையாள அட்டையும், ஆளுக்கு ஒரு புது டிடிஎஸ் மீட்டரும் வாங்கிக் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தியை இந்த வாரமே ஆரம்பித்துவிடலாம், வீடியோ அடுத்த மாதம். சம்மதக் கடிதத்தின் மாதிரி வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள், நான் உபயோகிப்பதைத் தட்டச்சு செய்து போடுகிறேன்.